பிரதமபாதம் கண்ட கலியுகம்

காஞ்சிபுரத்தில் நான் பார்த்த மனிதர்களிலேயே சந்தோஷமானவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பிரதமபாதம் என்றுதான் சொல்வேன். உலகம் நாளுக்கு நாள் நாசமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு அதுதான் காரணம்.

அவருடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்து ஆஜர் பட்டியலில் இருந்தது. குமாஸ்தா என்ற முறையில் நான்தான் அதை மாதாமாதம் எழுதினேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது ஞாபகம் இருந்திருக்காது. சமஸ்கிருத பண்டிதர், சின்ன காஞ்சிபுரத்தில் சந்நிதித் தெருவில் வீடு, தெரு முழுவதற்கும் நாள், நட்சத்திரம் பார்த்துச் சொல்பவரும் அவரே. எந்தச் சடங்குக்கு உட்கார்ந்தாலும் சங்கல்பத்தில் ‘கலியுகே பிரதமே பாதே’ என்று வரும் அல்லவா? கலியுகத்தின் முதல் கால் பகுதியில் இருக்கிறோம் என்று அர்த்தம். மற்றவர்கள் அதை முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். இவர் அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, குரலை உயர்த்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அப்படி வந்த பெயர்.

அவருடைய சித்தாந்தத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

“கலியுகம் மொத்தம் நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வருஷம், ஓய். அதுல கழிஞ்சது வெறும் ஐயாயிரத்துச் சொச்சம். கலி இன்னும் எழுந்து பல்லுகூடத் தேய்க்கலை. குளிச்சு, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்பினான்னா அப்போ தெரியும். நாளைக்கு இதைவிட மோசம், நாளன்னிக்கு அதைவிட மோசம். ஆகக்கூடி, மிச்சமிருக்கிற நாள்லயே ஒசந்த நாள் இன்னிக்குத்தான்.”

இதை அவர் பேச்சோடு விடவில்லை. கோயில் இட்லியில் மிளகு குறைந்துவிட்டது என்று மற்றவர்கள் மூக்கைச் சுளித்தால், “அடுத்த வருஷம் மிளகே இருக்காது. இன்னும் ரெண்டு போடும்” என்று இலையை நகர்த்துவார். சந்நிதித் தெருவில் காப்பியைச் சாராயத்துக்குத் தம்பி என்று நினைத்த காலம் அது. இவர் பித்தளைக் கூஜாவில் காப்பி நிரப்பிப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்து வருவார். “கலியில இருந்துண்டு கலியோட பானத்தைக் குடிக்காம இருக்கறது காலத்துக்குப் பண்ற அவமரியாதை” என்பார். அதே மனிதர் எங்கள் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடத் தொடமாட்டார். அவ்வளவு கலி அவருக்கு ஆகாது.

பரீட்சை வந்தால் பையன்களுக்குக் கொண்டாட்டம். அவர் யாரையும் பெயிலாக்கியதில்லை. ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, “அடுத்த வருஷம் வரப்போறவாளை நெனச்சுப் பாருங்கோ. அவாளோட பாத்தா இவன் தங்கம்” என்றார்.

என் தகப்பனார் நெசவு. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தால், அவர் தறியை விட்டுத் தலையை எடுக்காமலே சொல்வார்: “பண்டிதர் சாமியே சொல்லிட்டாரும்மா. வர்ற வருஷம் சாயம் இதைவிட மோசமா இருக்குமாம். பாத்துக்கினு இருக்காம இப்பவே எடுத்துக்கினு போங்க.” முக்கால்வாசிப் பேர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எலிக்குப் பூனை மாதிரி, பிரதமபாதத்துக்கு ஒரு சரித்திர வாத்தியார் வாய்த்தார். பெரிய காஞ்சிபுரத்துக்காரர், பி.ஏ., எல்.டி. மனித குலம் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் கட்சி. கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்து, கல், செம்பு, இரும்பு, நீராவி, மின்சாரம் என்று படிக்கு ஒரு பெயர் எழுதியிருந்தார். அதை அழிக்கக் கூடாது என்று பியூனுக்கு உத்தரவு. கடைசிப் படியில் ஒன்றும் எழுதாமல் ஒரு சூரியன் மட்டும் போட்டிருப்பார். சனிக்கிழமைதோறும் வாசகசாலையில் பெண் கல்வி, சமுதாய முன்னேற்றம் என்று பிரசங்கம் செய்வார். நன்றாகவே பேசுவார். ஆனால் மனிதர் முகத்தில் சிரிப்பை நான் பார்த்ததில்லை. காலையில் பத்திரிகையைப் பிரித்தால் உலகம் அவர் சொன்ன படியில் இருக்காது. அதில் அவருக்கு வயிறு எரியும். முன்னேற்றத்தை நம்பினவருக்குத் தீராத அஜீரணம். நாசத்தை நம்பினவருக்கோ அகோரப் பசி.

ஆசிரியர் அறையில் இந்த இருவருக்கும் நடுவில் டிராயிங் மாஸ்டர் நயினாரின் நாற்காலி. திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். அவரை மத்தியஸ்தம் பண்ணச் சொன்னால், “எங்க கணக்குல காலம் ஒரு சக்கரம்பா. ஆறு படி இறக்கம், ஆறு படி ஏத்தம். அவரு ஏத்தத்தைச் சொல்றாரு, இவரு இறக்கத்தைச் சொல்றாரு. சக்கரம் பாட்டுக்குச் சுத்திக்கினு இருக்குது, நான் பாட்டுக்குப் பென்சில் சீவிக்கினு இருக்கிறேன்” என்பார். சீவுவார்.

இந்தக் கூத்தெல்லாம் வெறும் பேச்சாகவே இருந்திருக்கும், அலமேலு இல்லாவிட்டால்.

அலமேலு பிரதமபாதத்தின் ஒரே பெண். தாயில்லாப் பிள்ளை. ஒன்பது வயதில் கல்யாணம், பதினோரு வயதில் புருஷன் போய்விட்டான். அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, அவர் போடும் பஞ்சாங்கக் கணக்கை வாயாலேயே போட்டு, அவருக்கு முன்னால் விடையைச் சொல்லிவிடுவாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து. வயது வந்துவிட்ட பெண்ணின் தலையை மழித்து, நார்மடிப் புடவையைச் சுற்றி மூலையில் உட்கார வைத்தாக வேண்டும் என்று தெரு பிடித்த பிடியாக நின்றது. கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் பெரியவர்கள் வந்து கேட்கும்போதெல்லாம் இவர் பஞ்சாங்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குவார்.

“இந்த மாசம் நாளே இல்லையே ஸ்வாமி.”

“இதுக்கெல்லாம் நாள் எதுக்கு?”

“கலியில எல்லாத்துக்கும் நாள் பாக்கணும்.”

ஒரு மாதம் குரு மறைந்திருப்பார். அடுத்த மாதம் சுக்கிரன். பிறகு அதிக மாசம், பிறகு கிரகணத் தோஷம். நாலு வருஷமாக அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஆகாயத்தில் இடமே கிடைக்கவில்லை. அந்தத் தெருவின் கல்யாணம், பூணூல் எல்லாம் அவர் குறித்துக் கொடுத்த நாளில் நடந்தவை. அவர் பஞ்சாங்கம் தப்பென்றால் தங்கள் கல்யாணமும் தப்பென்று ஆகிவிடும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

ஐந்தாம் வருஷம் பொறுமை போய்விட்டது. “வைகாசி கருட சேவை ஆகட்டும். மறுநாள் நாங்களே நாவிதனை அழைச்சுண்டு வரோம். நீர் பஞ்சாங்கத்தை மூடி வையும்” என்று சொல்லிவிட்டார்கள். கருட சேவைக்கு அப்போது இரண்டரை மாதம் இருந்தது.

மறுநாள் பிரதமபாதம் கூஜாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சரித்திர வாத்தியாரிடம் போனார். பால்ய விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்து வாத்தியாராக்குகிற இல்லம் ஒன்று மதராஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். இங்கிலீஷில் மனு எழுத வேண்டும். ஊரில் கௌரவமான இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நீர் எழுதி, நீரே முதல் கையெழுத்தும் போட வேண்டும் என்றார்.

சரித்திர வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கொள்கையளவில எனக்குப் பரம சம்மதம். ஆனா சமூகம்னா படிப்படியாத்தான் ஏறணும். இன்னும் ஒரு தலைமுறை போனா இது தானே நடக்கும். அவசரப்பட்டு நாம கையை வெச்சா எதிர்ப்பு வலுத்துடும்.”

அவர் வீட்டிலேயே ஒரு விதவைத் தங்கை முக்காட்டோடு அடுக்களையில் இருந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிரதமபாதத்துக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகத்தான் பேசினார். “நீர் சொல்றதும் சரிதான். எல்லாம் தானே மேலே போறதுன்னா நீர் ஏன் தள்ளணும்? சும்மா உக்காந்திருக்கலாம். என் கணக்குல எல்லாம் கீழேன்னா போறது? பக்கத்துல வழுக்கறவாளைக் கையைப் புடிச்சு நிறுத்தாம நான் எப்படி ஓய் உக்காந்திருப்பேன்?”

நயினார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “பேப்பரைக் குடு சாமி, நான் போடுறேன் கையெழுத்து” என்றார்.

“உம்ம சக்கரம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“அது சுத்திக்கினுதான் இருக்குது. அதுக்காக நம்ம கை சும்மா கெடக்கணுமா?”

இரண்டாவது கையெழுத்து என் தலையில் விழுந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்ற பயத்தோடுதான் ஒப்புக்கொண்டேன். மனுவையும் நானே எழுதினேன். அங்கேதான் வந்தது வினை.

பிரதமபாதம் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. “மொதல்ல தேதி” என்றார். எழுதப் போனேன். “அப்படியா தேதி போடறது?” என்று தடுத்துவிட்டு, சங்கல்பத்தில் சொல்கிற முறைப்படி ஆரம்பித்தார். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாவது பாதி, சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதில் முதல் பாதம், ஜம்புத்வீபம், பாரத வருஷம், அப்புறம் அந்த வருஷத்தின் பெயர், அயனம், ருது, மாசம், பட்சம், திதி, நட்சத்திரம். தேதிக்கே முக்கால் பக்கம் போய்விட்டது. கல்பத்துக்கு இங்கிலீஷ் தேடி நான் அகராதியோடு மல்லுக்கட்டியதில் இரண்டு நாள். மிச்சமிருந்த கால் பக்கத்தில் பெண்ணின் கதையை அடக்கி, இரண்டு கையெழுத்தையும் வாங்கித் தபாலில் சேர்த்தோம். எங்களுக்கு ஒரே பெருமிதம்.

பத்தாம் நாள் பதில் வந்தது. உறையில் வந்திருந்தால் பிழைத்திருப்போம். திறந்த கார்டு. இரண்டே வரி: ‘பிரபஞ்சத்தின் வயதை விவரமாகத் தெரிந்துகொண்டோம். பெண்ணின் வயதைக் காணோம். தயவுசெய்து தெரிவிக்கவும்.’

தபால்காரர் அதைச் சந்நிதித் தெருக் கோடியிலிருந்து படித்துக்கொண்டே வந்தார். இங்கிலீஷ் புரியாத இடத்தில் நின்று, தெரிந்தவர்களிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்தார். பிரதமபாதம் வீட்டை அவர் அடைவதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பெருமாள் கோயில் மண்டபத்தில் கோஷ்டிக்காரர்கள் கூடினார்கள். நானும் போயிருந்தேன். தற்செயலாகப் போனேன் என்று சொல்லமாட்டேன். தூண் மறைவில் நின்று கேட்டேன்.

கோஷ்டியில் மூத்தவர் கேட்டார்: “பொண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வெக்கப் போறதாக் கேள்வி. தேவரீர் பண்றது சாஸ்திரத்துக்கு அடுக்குமா?”

“அடுக்காது” என்றார் பிரதமபாதம்.

மூத்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. “அடுக்காதுன்னு தெரிஞ்சா பண்றீர்?”

“காலம்பர சங்கல்பத்துல என்ன யுகம்னு சொன்னேள்?”

“கலியுகம்.”

“எந்தப் பாதம்?”

“பிரதம பாதம்.”

“அப்போ இது முதல் கால்ல நடக்கற அதர்மம். ரொம்பச் சின்னது. பின்னாடி வரப்போறதுகளைப் பாத்தா இதை அதர்மம்னே சொல்லமாட்டேள். இல்லை, இந்த அளவுகூட நடக்கப்படாதுன்னா இது கிருத யுகம்னு ஆகும். நாளையிலேர்ந்து சங்கல்பத்துல கிருத யுகம்னு சொல்லுங்கோ. மொதல் ஆளா நானும் சொல்றேன். பொண்ணையும் அனுப்பலை.”

சங்கல்பத்தை மாற்ற யாருக்குத் தைரியம் வரும்? வாதத்தில் தோற்றவர்கள் வேறு வழியில் பிடித்தார்கள். தீர்த்தம் கொடுக்கும்போது வரிசையில் மூன்றாவதாக நிற்பது இவருடைய பாட்டனார் காலத்திலிருந்து வந்த உரிமை. அன்றிலிருந்து கடைசியில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “ரொம்ப நல்லதாப் போச்சு, ஓய். மேலாப்பல வெறும் ஜலம்தான். துளசியும் பச்சைக் கற்பூரமும் பாத்திரத்தோட அடியிலன்னா தங்கறது? இத்தனை வருஷம் மூணாவதா நின்னு ஏமாந்துட்டேன்.” ஆனால் கூஜாவிலிருந்து காப்பியைச் சாய்க்கும்போது பாதி மேஜையில் கொட்டியது. எனக்கு அன்று அந்தத் தெரு முழுவதன் மேலும் ஆத்திரமாக வந்தது.

இரண்டாவது மனுவில் அவரைப் பேசவே விடவில்லை. சாதாரணமாகத் தேதி போட்டு, வயது பதினைந்து என்று எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை இரண்டு மாதம் காக்க வைத்து, இடம் இருக்கிறது, அழைத்து வரலாம் என்று பதில் வந்தபோது கருட சேவைக்கு மூன்று நாள்தான் பாக்கி.

கருட சேவையன்று விடிகாலையிலேயே கிளம்புவதென்று அவர் முடிவு செய்தார். அன்றைக்கு ஊரே பெருமாள் குடையைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள் என்றார். காரணம் சரிதான். ஆனால் அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் தவறவிடாத கருட சேவை அது. வழியனுப்ப நானும் போயிருந்தேன். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் சேவைக்கு வந்த ஜனம் கரை உடைந்தது போல் இறங்கிற்று. ஏறியவர்கள் அப்பாவும் பெண்ணும் மட்டும். அலமேலு கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, அவர் மேல்துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு எதிரே வந்தவர் சரித்திர வாத்தியார். கையில் அவருடைய சொந்த இங்கிலீஷ் அகராதி. ஜன்னல் வழியாக அலமேலுவிடம் கொடுத்து, “நன்னாப் படி குழந்தே” என்றார். பிறகு பிரதமபாதத்திடம் தணிந்த குரலில், “எங்காத்துலயும்... அம்மா இருக்கற வரைக்கும்...” என்று இழுத்தார்.

“புரியறது ஓய். உம்ம படிக்கட்டுல கூட்டம் ஜாஸ்தி” என்றார் பிரதமபாதம். சரித்திர வாத்தியார் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

அதன்பிறகு பிரதமபாதம் தனியாகத்தான் பொங்கித் தின்றார். சாதம் ஒரு நாள் குழையும், ஒரு நாள் தீயும். “நாளுக்கு நாள் மோசமாறது. சித்தாந்தத்துல பிசகே இல்லை” என்று அதிலும் ஒரு திருப்தி. விடுமுறைக்கு அலமேலு வந்தால் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். அவர் வாசலில் நின்று அந்தக் கதவுகளைப் பார்த்து, “நல்ல கதவு. இந்த மாதிரி மரம் இனிமே கெடைக்காது” என்பார்.

ஐந்தாறு வருஷம் கழித்து, அலமேலு திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தாள். அந்தச் சமயம் ஆபீஸ் காரியமாக நான் மதராஸுக்குப் போக வேண்டியிருந்தது. “நானும் வரேன். பட்டணம் போன தரத்தைவிட எவ்வளவு கெட்டிருக்குன்னு பாக்கலாம்” என்று கூடவே கிளம்பிவிட்டார். செங்கல்பட்டில் வண்டி மாறும் வரையில் வழியில் கண்ட மாடு, மரம், மனிதர் எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூடத்தில் உள்ளே போக அவருக்குக் கூச்சம். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி நின்றுகொண்டார். நானும் நின்றேன். உள்ளே அலமேலு வெள்ளைப் புடவையும் பின்னிய தலையுமாக இருபது சின்னப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கதை ஆரம்பித்தாள். ஏதோ காக்கையும் வண்ணானும். குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. முக்கால் கதையில் மணி அடித்துவிட்டது. எல்லாம் ஒரே குரலில், “டீச்சர், டீச்சர், அப்புறம்?” என்று கத்தின.

“அப்புறம்தான் ரொம்ப நல்லா இருக்கும். நாளைக்குச் சொல்றேன்” என்றாள் அலமேலு.

பிரதமபாதம் அவளிடம் போய்ப் பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. சாயங்காலம் அவள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னிடம் கையைக் காட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். குதிரை வண்டி, டிராம், மோட்டார் எல்லாம் போயிற்று. ஒன்றுக்கும் மார்க் போடவில்லை. தெப்பக்குளம் வரைக்கும் வந்த பிறகு நின்றார்.

“ஓய் முதலியாரே, நமக்கு ராத்திரி வண்டிதானே?”

“ஆமா சாமி.”

கொஞ்சம் தயங்கினார். “நாளைக்கும் இருந்துட்டுப் போலாமா? அந்தக் காக்கா என்ன ஆச்சுன்னு கேட்டுட்டுப் போயிடலாமே.”

மிச்சமிருக்கிற நாளில் ஒசந்த நாள் இன்றைக்குத்தானே, நாளைக்கு எதற்கு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நேரே தபாலாபீஸுக்குப் போய், எனக்குக் கடுமையான வயிற்றுவலி, வருவதற்கு ஒரு நாள் தாமதமாகும் என்று தலைமையாசிரியருக்குத் தந்தி கொடுத்தேன். குமாஸ்தா வேலையில் பொய் சொல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் நான் சந்தோஷமாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அந்த மனிதருக்காக இன்னும் பத்துச் சொல்லியிருப்பேன்.